அறுபது பழங்களுக்கு ஒரு மன்னிப்பு

"டென்மார்க், பிரெடெரிசியா வாழ் தமிழர் அனைவரதும் மேலான கவனத்துக்கு! காட்டுப் பழத்தில் கை வைப்போர், கட்டிய மனைவியை இந்த நாட்டில் காணமாட்டார். ஒப்பம்: தலைவர்."

உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில் ஒட்டியிருந்த இந்தப் பிரகடனத்தை அந்தோனிதாசன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசித்தான். மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் விரலில் இருந்த சிவப்புப் போகவில்லை.

முந்தின நாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில்தான் அது நடந்தது. காட்டோரம் ராஸ்பெரி கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடந்தது. ஒன்றை வாயில் போட்டான். வெயிலின் சூடு இன்னும் ஆறாத பழம். முதலில் புளித்து, பிறகு இனித்து, நாக்கிலேயே கரைந்தது. விண்ணப்பப் படிவம் நிரப்பாமல் இந்த நாட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் பொருள் அதுதான்.

அறுபது பழம் உள்ளே போனபின் நிமிர்ந்தான். பச்சைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் மரத்தடியில் நின்றார். அவன் தலைக்கு மேலாக ஒரு பார்வை, கொப்பியில் ஒரு கோடு; மறுபடி ஒரு பார்வை, இன்னொரு கோடு.

மனைவி கத்தரீனாவைக் கூப்பிட அவன் விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதம். "விண்ணப்பம் கிடைத்தது" என்று கொப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒற்றை வரிக் கடிதத்தோடு சரி. மன்னாரிலிருந்து கத்தரீனா எழுதிய கடைசிக் கடிதம் ஏழு வாரம் பிந்தி வந்திருந்தது. 'பக்கத்து வீட்டில் இப்போது ஆட்கள் இல்லை. அவர்களுடைய நாய் எங்கள் வாசலில் வந்து படுக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

அந்தோனிதாசன் தலைவர் சிறீஸ்கந்தராசாவிடம் போய் நடந்ததைச் சொன்னான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே தமிழ்ச் சங்கத்து இருபத்திமூன்று பேருக்குத் தலைவர். எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார். எதிரில் இருப்பவருக்கு அப்போதுதான் பயம் வரும் என்பது அவர் அனுபவம்.

"பச்சைச் சட்டையோ?" கண்ணைத் திறவாமலே கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அரசாங்க ஆள். எங்கட ஒவ்வொரு அசைவும் கொப்பன்ஹேகனுக்குப் போகுது, தம்பி. உம்மட ஃபைலிலை இப்ப அறுபது பழமும் ஏறியிருக்கும்."

மன்னிப்பு மனு ஒன்றே வழி என்று தீர்ப்பானது. ஊரில் அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதியே தேர்ந்த கை தலைவருடையது. அகராதியை மடியில் வைத்து டேனிஷில் இரண்டு பக்கம் எழுதினார். ருசித்துத் தின்றதாக அந்தோனிதாசன் உண்மையைச் சொல்ல, அதை வெட்டினார்.

"ருசி எண்டால் திமிர் எண்டுவான். பசி எண்டு போடுவம்."

"பசி எண்டால் இவங்கட சாப்பாடு காணாதெண்டு சொல்லுற மாதிரியெல்லோ இருக்கும், அண்ணை?"

தலைவர் நெடுநேரம் கண்ணை மூடினார். கடைசியில் 'அறியாமையினால்' என்று போட்டு, இனிக் காட்டுப் பழமும் தோட்டப் பழமும் தொடமாட்டேன் என்று சத்தியமும் சேர்த்து, சங்க முத்திரை குத்திக் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். ஒரு பிரதியை அந்தோனிதாசன் மொழிபெயர்ப்பாளர் செல்வமலரிடம் கொடுத்து, மேலிடத்தில் விசாரிக்கச் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை, பச்சைச் சட்டைக்காரர் கீழே நின்று அவன் கதவு எதுவென்று விசாரிக்கிறார் என்று செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அந்தோனிதாசன் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

காலடி இறங்கிப் போனபின் திறந்தான். படியில் ஒரு கிண்ணம். வீட்டுத் தோட்டத்தில் அப்போதுதான் பிடுங்கிய சிவப்புப் பழங்கள், கண்ணாடி மணிபோல உள்ளே விதை தெரிய, காம்போடு கிடந்தன. அவனுக்கு வாயூறியது.

"தூண்டில்," என்றார் தலைவர்.

கிண்ணம் படியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் பழம் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்தது.

ஓகஸ்ட் கடைசியில் வேலியோரமெல்லாம் கறுப்புப் பெரி பழுத்துக் கொட்டியது. டேனிஷ் பிள்ளைகள் ஊதா வாயோடு திரிந்தார்கள். அந்தோனிதாசன் அந்தப் பக்கம் பாராமல் சைக்கிளை மிதித்தான். மன்னாரிலிருந்து கடிதம் வரவில்லை. தலைவரோ பிறந்ததிலிருந்து ஒரு பெரிப் பழம் தொட்டறியாதவர்; அவருடைய மனைவி ராசமலரும் கொழும்பில் ஓர் அறையில் இரண்டாவது வருஷமாகக் காத்திருந்தாள். அது ஏன் என்று அவரிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

செப்டெம்பரில் செல்வமலர் அவனைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். தேவாலயத்தில் நிற்பதுபோல நின்றவனைக் கட்டாயப்படுத்தி இருக்க வைத்தாள்.

பச்சைச் சட்டைக்காரரைத் தேடிப் பிடித்து அவளே கதைத்திருந்தாள். அவர் ஓய்வுபெற்ற வாத்தியாராம். அந்தக் காட்டில் பறவைக் கணக்கு எடுப்பவராம். பழத்தை இவ்வளவு ஆசையாக ஒருவர் தின்று அவர் கண்டதேயில்லையாம். அந்தச் சந்தோஷத்தில்தான் தன் தோட்டத்துப் பழத்தைக் கொண்டுவந்து வைத்தாராம். அந்தக் காட்டுப் பழத்தை எவரும் பிடுங்கித் தின்னலாமாம். சொல்லச் சொல்லச் செல்வமலருக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தோனிதாசனும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைப் பக்கமாகக் கதிரையை இழுத்தான்.

"அப்ப, தங்கச்சி, என்ர ஃபைலிலை பிழையா ஒண்டும் எழுதேல்லையோ?"

அன்று காலைதான் செல்வமலர் கொப்பன்ஹேகனோடு ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் கதைத்திருந்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது.

"அதை இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை, அண்ணை."