ஜனார்தனின் நடிப்பு

ஒரகடம் சுற்றுவட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், கணினிக் கல்வியில் இனி ஏற்றத்தாழ்வு என்ற பேச்சே கிடையாது. உள்ளூர் பொறியியல் கல்லூரி தன் லேப் உதவி ஆசிரியர்களைக் கூட்டி, யாரையும் ஒதுக்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சி கொடுத்துவிட்டது. அசத்துகிறவருக்கு லேப் தலைமைப் பொறுப்பு என்று முதல்வரே சொல்லியிருந்தார். ஜனார்தனுக்கு அந்த நாற்காலி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"ஆளுக்கொரு காட்சி நடிங்க. நல்ல ஆசிரியரா, மோசமான ஆசிரியரா, உங்க இஷ்டம். எதுன்னு சொல்லாதீங்க, பார்க்கிறவங்க சொல்லட்டும்" என்றார் பயிற்சியாளர் ப்ரியம்வதா.

ஜனார்தன் முதல் ஆளாக எழுந்தார். சக ஆசிரியை ஜோதி மாணவியானாள்.

"சார், இந்த லூப் நிக்காம ஓடிகினே கீது சார்!"

"பயப்படாதம்மா. படப்பைலேர்ந்து வர்ற பொண்ணு, தமிழ் மீடியம் வேற. உனக்கெல்லாம் இது புரியாதது சகஜம்தான். பக்கத்து சீட் பையன் ஸ்ரீதர் டைப் அடிச்சுக் குடுப்பான், நீ பக்கத்துல உக்காந்து பாரு. பாஸ் மார்க் நான் போட்டுடறேன். நாளைக்கு ஏதோ கார் கம்பெனி அசெம்பிளி லைன்ல நிக்கப்போற, உனக்கெதுக்கு இந்தத் தலைவலி?"

அரங்கமே அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது.

"மோசமான ஆசிரியர்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இவ்வளவு தத்ரூபமா நான் பார்த்ததே இல்ல!" என்று ப்ரியம்வதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த முதல்வர் அங்கேயே எழுந்து பொறுப்பை ஜனார்தனுக்குக் கொடுத்தார்.

ஜனார்தன் நிமிரவே இல்லை. காதெல்லாம் சுட்டது.

"இன்னா சார், பாராட்டுனா இப்டி வெக்கப்படறீங்க?" என்றாள் ஜோதி.

அவர் நல்ல ஆசிரியராகத்தான் நடித்திருந்தார்.