மேசைக்கடியில் இரண்டு சாக்கு

“இன்னைக்கி நான் எத்தனாவதுங்க?”

ஜன்னலுக்கு வெளியே யாகோப்பு நின்றார். வேலை முடிந்து தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் நடந்தே வருவார். அவருக்கு முன்பே பனி பதுளைக் கந்தோருக்குள் புகுந்து, கிளாக்கர் ஜாபிரின் மேசைமேல் படுத்திருந்தது.

இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை. முந்தி எழுதிக் கொடுத்தவர் முந்திக் கப்பலேற வேண்டும். ஆனால் அப்புத்தளைப் பக்கம் ரயில் பாதையில் மண் சரிந்து, அட்டைகள் வரும் சாக்குகளில் பாதி அங்கேயே கிடந்தன. வந்ததை அடுக்கு, வருவதை இடையில் செருகிக்கொள் என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு சாக்கு வரும்போதும், தூக்கத்தில் புரண்டு படுப்பவர்களைப் போலப் பெயர்கள் இடம் மாறின.

“மூணாவதா இருந்தீங்க. நேத்து ஒரு சாக்கு வந்திச்சு. இப்ப பதினெட்டு.”

யாகோப்பு சிரித்தார். “இன்னும் வருமுங்களா?”

“ரெண்டு இருக்கு. எல்லாம் உங்களுக்கு முந்தி எழுதினவங்க.”

“வரட்டுமுங்க.” சிலுவை போட்டுக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்.

பின்னுக்குப் போகப்போக ஒரு மனிதன் சிரிப்பானா? துக்கத்தை விழுங்குகிறார் என்று ஜாபிர் நினைத்தான். கண்ணை மூடினால் அட்டைகளெல்லாம் வெள்ளைக் கப்பல்களாய் மிதந்தன; கரையில் யாகோப்பு மட்டும் தனியே நின்றார்.

வெள்ளிக்கிழமை முதல் இருபது பெயர்கள் மேலிடத்துக்குப் போகவேண்டும். அன்று காலையில்தான் இரண்டு சாக்கும் வந்து இறங்கின. அவிழ்த்து அடுக்கினால் யாகோப்பு நாற்பதைத் தாண்டிவிடுவார். அடுத்த பட்டியலுக்கு ஆறு மாதம். ஜாபிர் சாக்குகளைக் காலால் மேசைக்கடியில் தள்ளினான். பட்டியல் தபாலில் சேர்ந்த பிறகே முடிச்சைத் தொட்டான். பிழை என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவனே வெளியே ஓடிவந்தான்.

“யாகோப்பண்ணே, உங்க பேரு போயிருச்சு. அடுத்த மாசம் கப்பல். சாக்க ஒளிச்சு வச்சது நாந்தான், யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

யாகோப்பு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மக அற்புதமலரு இந்த நாட்டுப் பிரஜையக் கட்டுனவ. அவ இங்கதான் இருப்பா, நான் போனா திரும்ப வர முடியாது” என்றார் மெல்ல. “தலப்பிள்ளைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அந்த முகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னு, சாக்கு சீக்கிரம் வரணும்னுதான் தெனமும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன், ஐயா.”