ஆறாம் நாள்

முருகனுக்கு வடிவு நேர்ந்துகொண்ட ஆறு நாள் பட்டினி விரதத்தில் அன்று கடைசி நாள். உடல்நிலையைக் கண்காணிக்க அரசாங்கம் எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்த கைப்பட்டை, அவளுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியதைக் கண்டு ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டது.

நர்ஸ் ஜெரின் குளுக்கோஸ் பாட்டிலோடு வீட்டுக்குள் வந்தாள். "கையை நீட்டுங்கக்கா."

"எம் மவனுக்குக் காசு வாங்காம இருதய ஆபரேஷன் செஞ்சு பொழைக்க வச்சது உங்க அரசாங்க ஆஸ்பத்திரிதான? அதுக்கு நேர்ந்த விரதம்தாம்மா இது. சாயங்காலம் வரைக்கும் பொறு."

"நான் பொறுப்பேன், பட்டை பொறுக்காதுக்கா. நீங்க மறுத்தா அது மேலிடத்துக்குச் சொல்லிரும், வீட்டுல எல்லாருக்கும் அரசாங்க வைத்தியம் நின்னுரும். தம்பியோட இருதய மாத்திரையும்தான்."

வடிவு சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். கட்டிலில் உறங்கும் மகனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஏத்தும்மா. நாளைக்கு மறுபடியும் முதல் நாள்லேருந்து தொடங்குதேன். ஆறாம் நாள் நீயும் வந்துரு."