உறை பிரிக்காத மலை சைக்கிள்

மலையடிவாரத்தில் குடியிருந்த அப்பா கரடி, தன் குட்டிக்கு மலையில் ஓட்டும் சைக்கிள் ஒன்று வாங்கியது. சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தை ஏற்றி எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை.

பயிற்சி வாசலிலேயே நடந்தது. ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் குட்டி ஏறி நின்றது.

“இறக்கத்துல சீட்டுல உட்காரக் கூடாது. பார்வை தூரத்துல இருக்கணும். ரெண்டு பிரேக்கையும் மெதுவாப் பிடி,” என்றது அப்பா.

“மலைக்கு எப்பப்பா போறோம்?”

“அங்கெல்லாம் ஒரே சேறு, கல்லு. புது வண்டிடா, கீறல் விழுந்துடும்.”

“மலைக்குன்னுதானேங்க வாங்கினீங்க?” என்றது அம்மா கரடி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று அப்பா ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தது.

துடைத்து நிமிர்ந்தால் குட்டியைக் காணோம். சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து, பார்வையைத் தூரத்தில் வைத்தபடி, கூவிக்கொண்டே அது மலைச்சரிவில் சறுக்கி வந்து ஒரு புதரில் முட்டி உருண்டது.

அப்பா பதறியடித்து ஓடியது. குட்டியைத் தாண்டிப் போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தது.

“கிழிச்சுட்டியேடா! மழை வந்தா சைக்கிளை எதுலடா வைக்கிறது?”