ஒட்டகக் காய்ச்சல்

"ஒட்டகத்துக்குக் கிட்டப் போனீங்களா?" என்று டாக்டர் வினார்னி கேட்டார்.

கட்டிலில் கிடந்த ரொபியா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற புருஷன் மஸ்ரூர் முந்திக்கொண்டார். "போயிருக்கா டாக்டர். பாலும் குடிச்சிருக்கா. வேணாம்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே?"

மெக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் போய் வந்தவள், அனலாய்க் காய்ச்சல், போதாததற்கு ஒட்டகப் பால். அந்தப் பக்கத்து ஒட்டகங்களிடமிருந்து பொல்லாத நுரையீரல் காய்ச்சல் ஒன்று தொற்றும் என்று டாக்டர் படித்திருந்தார். உடனே ரொபியாவைத் தனி அறைக்கு மாற்றி, நெஞ்சைப் படம் எடுத்து, அதற்குண்டான மருந்துகளைத் தொடங்கினார்.

உம்ரா முடித்து வந்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் இந்தோனேசியாவில் எங்கள் கிரெசிக் பக்கம் அது பெரிய மரியாதைக் குறைச்சல். நோயாளியைப் பார்க்க விடாவிட்டால் என்ன, புருஷனையாவது பார்ப்போம் என்று தெருவே ஆஸ்பத்திரிக்குத் திரண்டு வந்தது. மஸ்ரூரும் லேசுப்பட்டவர் இல்லை. நாலு கைலிக் கடைக்கு முதலாளி, பள்ளிவாசல் கமிட்டியில் பெரிய தலை, வருகிற ஊர்த் தலைவர் தேர்தலில் வேட்பாளர்.

அவர் வராந்தாவில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் மெக்காவின் புனித நீரான ஜம்ஜம் தண்ணீரைச் சின்னக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். ஊர் திரும்பிய அன்று எடுத்த ரொபியாவின் படத்தையும் போனில் காட்டினார்.

எதிர்வீட்டு கொமாரியா போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். "என்ன அண்ணே, போகும்போது பானை வயிறோட போனா. இப்படி இளைச்சு வந்திருக்காளே?"

"அங்க நடைதானே கொமாரியா. சுத்திச் சுத்தி வரணும்ல."

"அப்ப நானும் போயிட்டு வரேன். எங்க வீட்டுக்காரர் என்னை மூட்டைன்னுதான் கூப்பிடுறார்." எல்லோரும் சிரித்தார்கள். "தேர்தல் மேடையில நீங்க ரெண்டு பேரும் ஜோடியா நின்னா கண்ணு பட்டுடும் அண்ணே."

ரொபியாவுக்குக் காய்ச்சல் இறங்குவதாக இல்லை. மஸ்ரூர் முகமூடியும் கவச உடுப்பும் மாட்டிக்கொண்டு கூடவே இருந்தார். துணி மாற்ற வந்த நர்ஸ் யுலியைக் கதவோடு திருப்பி அனுப்பினார்.

"அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி தங்கச்சி. துடைக்கிறது, துணி மாத்துறது எல்லாம் நானே பார்த்துக்கறேன்."

யுலி மற்ற நர்சுகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "எனக்கும் வாய்ச்சிருக்காரே ஒருத்தர். எனக்குத் தலைவலின்னா, அப்படியே அவருக்கும் ஒரு காப்பி போடச் சொல்வார்."

வெள்ளிக்கிழமை மஸ்ரூர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ரொபியாவுக்குப் பேச்சுக் குழறியது. ரத்த அழுத்தம் விழுந்தது. டாக்டர் ஓடி வந்தார். இரண்டாம் முறை எடுத்த நெஞ்சுப் படமும் சுத்தமாக இருந்தது. அப்படியானால் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று போர்வையை விலக்கி, வயிற்றைச் சுற்றியிருந்த இறுக்கமான பட்டையைக் கழற்றினார். யுலி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடிவயிற்றில் இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெட்டு. தையல் நெடுக சீழ் கட்டியிருந்தது.

"இது எங்கம்மா பண்ணினது?"

"பாங்காக்" என்றாள் ரொபியா.

"அப்ப மெக்கா?"

இல்லை என்று தலையை அசைத்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று டாக்டர் கேட்டார். ரொபியா கதவைப் பார்த்தாள். "அவரைக் கேக்காம..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நினைவு தப்பிவிட்டது.

மஸ்ரூர் அத்தர் மணக்கத் திரும்பி வந்தார். டாக்டர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"நான் சொல்றதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது. உங்க மனைவி மெக்காவுக்கே போகலை. பாங்காக் போய் வயித்துச் சதையை வெட்டி எடுத்திருக்காங்க. உங்களுக்குப் பிடிக்கணும்னு பண்ணினாங்களோ என்னமோ. உங்ககிட்ட பயந்துகிட்டு மறைச்சிருக்காங்க."

மஸ்ரூர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வெட்டின இடத்துல கிருமி ஏறி ரத்தத்துல கலந்தாச்சு. அந்த மாதிரி ஆஸ்பத்திரியில பிடிக்கிற கிருமி சிலது நம்ம வழக்கமான மருந்துக்கு அடங்காது. நானும் இத்தனை நாள் இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துட்டு இருந்திருக்கேன். அங்க என்ன மருந்து கொடுத்தாங்க, வேற யாருக்காவது இதே மாதிரி ஆச்சான்னு அந்த ஆஸ்பத்திரியையே கேட்டா, எந்த மருந்து கேக்கும்னு இப்பவே தெரிஞ்சிடும். பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் உங்க மனைவி தாங்க மாட்டாங்க."

"பொழைச்சுடுவாளா?"

"அந்த ஆஸ்பத்திரி பேர் கிடைச்சா பொழைக்க வைக்கப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய் அவங்க பையை, பெட்டியைத் தேடுங்க. யார்கிட்டயாவது சொல்லியிருப்பாங்க, விசாரிங்க. சீக்கிரம்."

மஸ்ரூர் எழுந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து வராந்தாவைப் பார்த்தார். அங்கே கொமாரியாவும் மற்றவர்களும் ரொபியாவுக்காகக் கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணுங்க டாக்டர். பேரை நானே சொல்றேன்."