ஏழு மணிப் பாடம்

"அறுபது வயசுல அரிச்சுவடியா ஓய்? வெட்கமா இல்லே உமக்கு?"

ஓரெஸ்தேயைப் பார்த்து நான் இப்படிக் கேட்டதும் என் காப்பிக்கடையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த மலையூரில் முதல் டெலிவிஷன் என் கடையில்தான். வியாழக்கிழமை வினாடி வினா என்றால், தேவாலயத்தைவிட இங்கேதான் கூட்டம் அதிகம். அந்தக் குளிர்காலத்தில் சாயங்காலம் ஏழு மணிக்குப் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம். திரையில் ஒருவர் கரித்துண்டால் படம் வரைந்து, பக்கத்திலேயே எழுத்தையும் எழுதிக் காட்டுவார்.

"அதைக் கொஞ்சம் போடுங்க கூரினோ," என்றார் ஓரெஸ்தே. சில மாதம் முன்புதான் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தவர். "முப்பது வருஷம் மலையில மேய்ச்சே பொழைப்பு போயிடுச்சு. எப்பவும் நாற்பது, ஐம்பது உருப்படி."

"ஆடா, மாடா?"

"ரெண்டும் கலந்துதான்."

முடிதிருத்துகிற நுன்சியோவுக்கு ஏனோ புரையேறியது.

உங்களிடம் சொல்வதற்கு என்ன? எனக்கும் படிக்கத் தெரியாது. ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள நான் பட்ட பாடு, பத்து வகுப்புப் படிக்கிற பாடு!

தினமும் காலையில் கல்லாவில் பத்திரிகையை விரித்து, விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, இடையிடையே 'ச்சூ' கொட்டுவேன்.

"என்னண்ணே சேதி?" என்பான் நுன்சியோ.

"விலைவாசி ஏறிடுச்சுப்பா."

எந்த நாள் பத்திரிகைக்கும் பொருந்தும்.

பெல்ஜியத்தில் வேலை செய்யும் மகள் எழுதும் கடிதங்களை என் மனைவி டொமித்தில்லாதான் வாசித்துச் சொல்வாள். அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வந்த பதினோரு கடிதங்கள் பிரிக்காமலே பெட்டியில் கிடந்தன. யாரிடமாவது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. பதிலே போடாத அப்பனுக்கு மகளும் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஆகவே, ஏழு மணிக்கு ஓரெஸ்தே முன்வரிசையில் மடியில் நோட்டோடு உட்காருவார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஈர விரலால் மேஜையில் அதே எழுத்தை எழுதி, யாரும் பார்க்குமுன் துணியால் துடைத்துவிடுவேன். சீட்டாடுகிறவர்கள்கூட அந்த அரை மணி நேரம் சத்தம் போடுவதில்லை. எல்லாம் என் கடையின் ஒழுங்கு என்று எனக்குப் பெருமை.

பாடம் முடிந்ததும் ஓரெஸ்தே நோட்டை நீட்டுவார்.

"சரியா இருக்கான்னு பாருங்க. தினம் பத்திரிகை படிக்கிறவரு நீங்க."

"ம்... பரவாயில்லே." என்ன எழுதியிருந்தாரோ, யார் கண்டது!

"வீட்டுக்குக் கொண்டுபோனா மக சிரிப்பா. இது இங்கேயே இருக்கட்டுமே."

மறுநாள் கடை திறப்பதற்குள் அந்தப் பக்கம் முழுவதையும் நான் பார்த்து எழுதிவிடுவேன்.

பிப்ரவரியில் ஒருநாள், அவர் எழுதியதில் ஒரு தப்பு என் கண்ணில் பட்டது.

"ஓய், இங்க ஒரு எழுத்தை விட்டுட்டீரே!"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! நீங்க மட்டும் இல்லேன்னா..."

"உமக்கு மண்டையில ஏறாது ஓய். பத்து தடவை எழுதும்!"

மனுஷன் பத்து தடவை எழுதினார். நுன்சியோ கை தட்டினான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் கடிதத்தைப் பிரித்தேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

'அப்பா, அம்மா இல்லாமல் என்ன சாப்பிடுகிறீர்கள்? எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அம்மா பெயரையே வைத்துவிட்டோம்.'

தேதியைப் பார்த்தேன். என் பேத்திக்கு இந்நேரம் ஒன்றரை வயது.

ஏப்ரனில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. ஓரெஸ்தேயிடமே சொல்லிவிடலாம். மந்தபுத்திதான், இருந்தாலும் கூடப் படித்தவர் ஆயிற்றே! நல்ல ஒயின் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு கடை வழியாக வெளியே வந்தேன். சிவந்த கண்ணோடு போகிற என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மாடியேறிக் கதவைத் தட்டக் கை ஓங்கினேன். கதவில் ஒரு பித்தளைத் தகடு. குளிர்காலம் முழுக்கத் தினமும் காலையில் அவருக்குக் காப்பி கொண்டுவந்து அதன் முன்னால்தான் நின்றிருக்கிறேன். ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனித் தகடு என்று நினைத்திருந்தேன்.

ஓங்கிய கை அப்படியே நிற்க, எழுத்துக் கூட்டினேன்.

'ஓரெஸ்தே வெஞ்சுர்லி. பள்ளித் தலைமை ஆசிரியர். ஓய்வு.'

இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். அதேதான்.

கதவை ஒட்டிய படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். கடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து, என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுன்சியோ திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினான்:

"டேய், வாங்கடா! அண்ணன் தகட்டைப் படிச்சுட்டாரு!"