கம்ப்யூட்டருக்குப் புதுக் குரல்

"நீ வந்த வேலையப் பாரும்மா. அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. நான் சொல்றேன், மாத்து" என்றாள் ராஜாம்பாள்.

பாரதி பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தலுக்கு ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்து இறங்கினால், இந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ராஜாம்பாளின் புருஷன் கொளஞ்சியப்பன் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய் ஆறு வருஷமாகிறது. மேஜையில் ஒரு கீபோர்டு, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். திரை கிடையாது. எதுவானாலும் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும், இவர் கேட்டுக்கொள்வார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இவர்தான் பட்டா மனு டைப் அடித்துக் கொடுக்கிறார்.

ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே! தகர டப்பாவில் கடலையைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி. அதையும் நாலு மடங்கு வேகத்தில் வைத்திருந்தார். பழகிப்போன அவர் காதுக்கு மட்டும்தான் அது தமிழ்.

"சார், புதுக் குரல் நிஜ மனுஷங்க பேசுற மாதிரியே இருக்கும்."

"வேணாம்மா. வேகமா வெச்சா குழறும். ஒரு எழுத்தத் தட்டினா யோசிச்சு பதில் சொல்லும். என் வேலைக்கு ஆவாது."

"அதெல்லாம் இப்ப சரி பண்ணிட்டாங்க சார்."

"எனக்கு இதுவே போதும்."

"பாத்தியா?" என்று பாய்ந்தாள் ராஜாம்பாள். "எனக்குப் புரியக்கூடாது, அதான் விஷயம். கனடாலேர்ந்து புள்ள வாராவாரம் மெயில் போடுறான். அது டடடடன்னு படிச்சுக்கினே இருக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அம்மா சாப்ட்டாளான்னு கேட்டிருக்கான்'னு ஒரு வரி சொல்லுவாரு. மீதி அப்பனுக்கும் புள்ளைக்கும் ரகசியம்!"

"ரகசியம் ஒண்ணுமில்ல, ராஜாம்பா."

"அப்ப மாத்த வுடுங்க! அவன் கல்யாணத்துக்கு நான் போவல. வீம்புதான், தப்புதான். அதுலேர்ந்து ரெண்டு வருஷமா எங்கிட்ட போன்ல பேசல. பேசினா அழுதுடுவானாம், இவருதான் சொல்றாரு. சரி, கோவம் தீந்து மெயில்லயாவது விசாரிக்கிறானே, அத அவன் எழுதினபடியே ஒரு வாட்டி நான் கேக்கக் கூடாதா?"

பாரதிக்கே கோபம் வந்தது. ராஜாம்பாள் அவருக்குச் சட்டைப் பட்டன் போடுவதிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள். அவள் கேட்பது இவ்வளவுதான். அதற்கும் மனசு வராத ஆம்பளைக்கு என்ன மரியாதை? கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ராஜாம்பாள் ஜெயித்த மிதப்பில் டீ போடப் போனாள்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. புதுக் குரல், அவர் கடைசியாகத் திறந்து வைத்திருந்த மெயிலில் இருந்தே தொடங்கியது. நிறுத்தி, நிதானமாக, தெளிவாக.

"அப்பா, திரும்பவும் அம்மா பேச்சா? அவங்களப் பத்தி எழுதாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

கொளஞ்சியப்பன் பதறி ஒரு பட்டனைத் தட்டினார். பழைய குரல் அந்த ஒரு தட்டில் வாயை மூடிவிடும். புதுசுக்குப் பாரதி அதை இன்னும் சொல்லி வைக்கவில்லை. அது பாட்டுக்குப் பேசியது.

"என் கல்யாணத்துக்கு வராதவங்க எனக்கு அம்மா இல்ல. இனிமே அவங்க பேச்ச எடுத்தீங்கன்னா உங்களுக்கும் மெயில் போட மாட்டேன்."

பாரதி ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கினாள்.

கொளஞ்சியப்பன் பாரதி பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அவன் அவள விசாரிக்கலம்மா. நானாதான் எதையாவது சொல்லிக்கினு வரேன். இல்லன்னா அவ சோறு திங்க மாட்டா... அவ காதுல வுழுந்துருக்குமா?"

பாரதி நிமிர்ந்தாள்.

அறை வாசலில் ராஜாம்பாள் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் டீ டம்ளர். பாரதியைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை மட்டும் ஆட்டினாள். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள்.

"இல்ல சார். அவங்க அடுப்படிலதான் இருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு வீடு அதிர நடந்து வந்தாள்.

"பால் பொங்கிடுச்சு, அதான் லேட்டு. இன்னா, முடிஞ்சுதா? எங்க, பேசச் சொல்லு பாப்போம்."

பாரதி ஒயரைச் சொருகி, இன்றைய தேதியை மட்டும் படிக்க வைத்தாள்.

"ஐய, இதுவா? சீரியல்காரி மாதிரி இழுக்கிறா! இவளோட நாள் முச்சூடும் யாரு குடித்தனம் பண்றது? எடுத்துடும்மா. பழசையே போட்டுடு."

"நீதான கேட்ட?" என்றார் கொளஞ்சியப்பன்.

"கேட்டேன். புடிக்கல. வுடுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டம்ளரை அவர் விரல்களுக்குள் பொருத்தினாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வாரம் புள்ள மெயில் வந்திருக்குமே, இன்னா எழுதியிருக்கான்? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாதான் என் காதுக்கு நல்லாருக்குது."